ஓசோன் இயந்திரம் வாங்குமுன் நைதரசன் கணக்கைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரியில் வழுக்கையாற்றால் ஓடிக் கடனீரேரிக்குள் விழும் தண்ணீரையும், தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளுக்கு உள்ளே தேங்கும் வெள்ளத்தையும் குடிநீராக்கலாம் என்ற பேச்சு எழும்போது, அமோனியாவை நீக்க ஊக்கி (தாக்கத்தை விரைவாக்கும் பொருள்) சேர்த்த ஓசோன் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். தோட்டத்து யூரியாவும் மாட்டெருவும் மலசலகூடக் குழிகளின் கசிவும் முதல் மழையோடு வந்து சேரும் தண்ணீரில் அமோனியா இருக்கத்தான் செய்யும். நிறம், நாற்றம், கிருமி ஆகியவற்றுக்கு ஓசோன் சிறந்தது. அதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. அமோனியாவுக்கு அதை நம்பிப் பணம் போடுவதுதான் சரியல்ல.

தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவில் இருக்கிறது. கரைந்த வாயுவாக இருப்பதை மட்டுமே ஓசோன் தாக்கும். அமோனியம் அயனை அது தொடுவதில்லை என்றே சொல்லலாம். 30 பாகை செல்சியசில், பீ.எச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7.5 ஆனால் வாயு வடிவம் நூற்றுக்கு இரண்டரைதான். பீ.எச் 8இல் ஏழரை, 9இல் ஏறத்தாழ 45. தொட்டியில் லீற்றருக்கு 2 மி.கி. ஓசோன் குறையாமல் நின்றால்கூட, பீ.எச் 8இல் அமோனியா பாதியாகக் குறைய இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். ஓசோன் தொட்டிகளில் தண்ணீர் நிற்பதோ பத்து, இருபது நிமிடம். எங்கள் வெக்கையில் ஓசோன் அதற்குள்ளேயே சிதைந்துவிடும். பீ.எச்சை உயர்த்தலாமே என்றால், சுண்ணக்கல் தண்ணீரில் கல்சியம் காபனேற்று படிந்து குமிழ் விடும் தட்டுகளையும் ஊக்கியின் மேற்பரப்பையும் அடைத்துவிடும்.

செலவையும் பாருங்கள். 1 மி.கி. அமோனியா நைதரசனை, அதாவது அமோனியாவில் உள்ள நைதரசனை, நைத்திரேற்றாக்க 13.7 மி.கி. ஓசோன் தேவை. நாளொன்றுக்கு 1,000 கனமீற்றர் தண்ணீர், அதில் லீற்றருக்கு 2 மி.கி. அமோனியா நைதரசன் என்று வைத்தால் 27 கிலோவுக்கு மேல். காற்றிலிருந்து ஓசோன் எடுக்கக் கிலோவுக்கு 15 முதல் 20 கிலோவாற்று மணி மின்சாரம் போகும். ஆக நாளுக்கு 400 முதல் 550 வரை. தண்ணீரிலுள்ள சேதனப் பொருள்கள் முதலில் தின்னும் ஓசோன் இதில் சேரவில்லை. உள்ளே போகும் காற்றை நன்றாக உலர்த்தாவிட்டால் ஓசோன் விளைச்சல் விழும், நைத்திரிக்கமிலம் உண்டாகிக் குழாய்களை அரிக்கும்.

ஊக்கி என்ன செய்யும்? ஊக்கியாகப் போடும் மகனீசியம் ஒட்சைட்டு தண்ணீரின் பீ.எச்சைத் தானே உயர்த்துகிறது. அதன் வேகத்தில் ஒரு பகுதி அதனால்தான். கோபாற்று ஒட்சைட்டு அமோனியாவின் பெரும்பங்கை நைதரசன் வாயுவாக்கியதாக ஆய்வுகூட முடிவுகள் உண்டு. ஆனால் அங்கே நீரைச் சூடாக்கி, ஆற்றுநீரைவிடப் பல மடங்கு செறிவான அமோனியாவை வைத்துப் பார்த்தார்கள். அந்த முடிவை வழுக்கையாற்றுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. வாயுவாகாத மிச்சம் நைத்திரேற்றாகத் தண்ணீரிலேயே நிற்கும்: 1 மி.கி. அமோனியா நைதரசனுக்கு 4.4 மி.கி. நைத்திரேற்று. தோட்டக் கிணறுகள் பல குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த லீற்றருக்கு 50 மி.கி. எல்லையைத் தாண்டி நிற்கும் ஊரில் அது சின்ன விஷயமல்ல.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது கடலுப்போடு வரும் புரோமைட்டு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 65 மி.கி. புரோமைட்டு உண்டு. நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் 0.65 மி.கி. வந்துவிடும், குளோரைட்டு 190 மி.கி. அளவே கூடுவதால் நாக்குக்கு உப்புத் தெரியாது. ஓசோன் இந்தப் புரோமைட்டை உபபுரோமசு அமிலமாக்கும். அமோனியா இருக்கும்வரை அந்த அமிலம் அதனோடு சேர்ந்து புரோமமீனாகும். அதனாலேயே இத்தகைய நீரில் அமோனியா விரைவாக இறங்கும், பரிசோதனை வெற்றி போலத் தோன்றும். அமோனியா தீரும் தறுவாயில் புரோமேற்று ஏறத் தொடங்கும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். மேலே சொன்ன புரோமைட்டில் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே அந்த எல்லை வந்துவிடும். கொதிக்கவைத்தாலும் போகாத, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. அமோனியாவை முற்றாக நீக்குவதும் பீ.எச்சை உயர்த்துவதும் இரண்டுமே புரோமேற்றைக் கூட்டும் வழிகள்.

ஆகவே விற்க வருபவர் காட்டும் பரிசோதனையில் அமோனியா இறங்கியதை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டாம். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று மூன்றின் நைதரசனையும் முன்னும் பின்னும் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை குறைந்திருந்தாலும் அது ஓசோனின் வேலை என்று முடிவுகட்ட முடியாது: பீ.எச் 9இல் வெறும் காற்றுக் குமிழே அமோனியாவை வெளியே அடித்துவிடும். எனவே ஓசோன் இல்லாமல், அதே வேகத்தில் ஒட்சிசனை மட்டும் விட்டு ஒரு தடவை பார்க்க வேண்டும். புது ஊக்கி முதலில் அமோனியாவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அது நிரம்பும்வரை ஓட்டினால்தான் உண்மை தெரியும். மாதிரிப் போத்தலில் மிச்சமிருக்கும் ஓசோனைத் தயோசல்பேற்றால் உடனே முறிக்க வேண்டும், இல்லாவிட்டால் தாக்கம் போத்தலுக்குள்ளும் தொடரும். வெளிவரும் நீரில் ஊக்கியிலிருந்து கரைந்த கோபாற்றும் உண்டா என்று பார்க்க வேண்டும். நெசிலர் முறையில் (கரைசல் சேர்த்து வரும் நிறத்தைக் கொண்டு) அமோனியா அளப்பவர்கள் எங்கள் வன்னீரில் கலங்கல் வராமல் ரொசெல் உப்புச் சேர்க்க மறக்கக்கூடாது.

மலிவான வழி மணல் அல்லது சரளைப் படுக்கையில் வளரும் நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள். 1 மி.கி. அமோனியா நைதரசனுக்கு 4.57 மி.கி. ஒட்சிசனும், கல்சியம் காபனேற்றாகக் கணித்தால் 7.1 மி.கி. காரத்தன்மையும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) போகும். காரத்தன்மை எங்கள் தண்ணீரில் தாராளமாக உண்டு. ஒட்சிசன்தான் போதாது: 30 பாகையில் நிரம்பக் கரைந்தாலும் ஏழரை மி.கி.தான் இருக்கும், 2 மி.கி. அமோனியா நைதரசனுக்கு 9 தேவை. ஆகவே படுக்கைக்குள்ளேயே காற்று ஊத வேண்டும். பற்றீரியா நிலைபெறச் சில வாரம் எடுக்கும். குளோரீன் கலந்த நீரால் படுக்கையைக் கழுவினால் அவை செத்துப்போகும். மின்வெட்டில் காற்று நின்றால் நைத்திரைற்று வெளியே வரத் தொடங்கும், அதனால் ஊதிக்கு மாற்று மின்சாரம் கட்டாயம். இந்த வழியும் நைத்திரேற்றைத்தான் விட்டுவைக்கிறது. ஆனால் அதே விளைவுக்கு ஓசோனைவிட மின்செலவு பல மடங்கு குறைவு, புரோமேற்றும் வராது. நைத்திரேற்று கூடிய இடங்களில் குறைந்த நீரோடு கலப்பதா, இன்னொரு படுக்கையில் நைதரசனிறக்கம் (பற்றீரியாவால் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்குதல்) செய்வதா என்பதைத் தனியே தீர்மானிக்க வேண்டும்.

கேள்விப்பத்திரம் கோருமுன் இரண்டு காலத்து மாதிரிகளை எடுத்து முடிவுகளை மக்களுக்கு வெளியிடுமாறு பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: அமோனியாவுக்கு ஐப்பசி, கார்த்திகையின் முதல் வெள்ளத்தில், புரோமைட்டுக்கு தேங்கிய நீர் வற்றி உவர் ஏறும் மாசி, பங்குனியில்.

இப்படிக்கு,
நீர்ச் சுத்திகரிப்புத் துறையினர் சிலர்,
யாழ்ப்பாணம்.