டொலோரஸ் கிளெய்போர்னைப் பாடமாக வையுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்தை வகுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்க இலக்கியத் தாளுக்கான நூற்பட்டியலை அடுத்த முறை திருத்தி அமைக்கும்போது, அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1992-இல் வெளியிட்ட ‘டொலோரஸ் கிளெய்போர்ன்’ நாவலையும் எடுத்து வைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் அந்தத் தாளைக் கற்பித்து ஓய்வு பெற்றவன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இந்த நாவலை, அட்டையில் இருந்த பெயர் ஒன்றையே காரணமாகக் கொண்டு நெடுநாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். அந்தத் தவறை மாணவர்கள் செய்யக் கூடாது என்ற எண்ணமே என்னை எழுத வைக்கிறது.

இந்த நாவல் விற்காத நாவல் அன்று. வெளிவந்த ஆண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற புனைவு நூல் இதுதான். ஆனால் விற்பனை வேறு, மதிப்பு வேறு. பேய் பிடித்த விடுதியையும் பன்றி இரத்தத்தில் நனைந்த பள்ளி மாணவியையும் எழுதியவரிடம் அதையே எதிர்பார்த்து வந்த வாசகர்களுக்கு, அறுபத்தைந்து வயதுப் பணிப்பெண் ஒருத்தி இரவெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும் இந்நூல் ஏமாற்றம் அளித்தது. இலக்கியம் தேடியவர்களோ ஆசிரியர் பெயரைப் பார்த்த உடனே விலகிப் போனார்கள். இரு சாராருக்கும் நடுவில் விழுந்த இந்நூல், கிங்கின் சிறந்த படைப்புகளைப் பற்றிய பேச்சில் இன்றும் அரிதாகவே முன்னால் வந்து நிற்கிறது.

கதை நடக்குமிடம் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள லிட்டில் டால் என்னும் கற்பனைத் தீவு. வெரா டோனவன் என்ற பணக்கார முதலாளியம்மாவைக் கொன்றதாக டொலோரஸ் மீது சந்தேகம் விழுகிறது. அவளே காவல் நிலையத்துக்கு வந்து அமர்ந்து வாக்குமூலம் கொடுக்கிறாள். முதலாளியம்மாவை நான் கொல்லவில்லை, ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் என் கணவனைக் கொன்றேன் என்கிறாள். நூலில் அத்தியாயப் பிரிவுகள் இல்லை, இடைவெளிகளும் இல்லை. முடிவில் இணைக்கப்பட்ட சில செய்தித் துணுக்குகளைத் தவிர மற்றதெல்லாம் அவள் குரல். காவல் அதிகாரி ஆண்டி பிஸெட் என்ன கேட்டார், சுருக்கெழுத்தாளர் எப்போது முகம் சுளித்தார் என்பதையெல்லாம் அவள் சொல்லும் மறுமொழியிலிருந்தே நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வடிவம் உங்களுக்குப் புதியதன்று. ராபர்ட் பிரௌனிங் 1842-இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையை நாம் எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறோம்! அங்கே மனைவியை ஒழித்த பிரபு பேசுகிறான், எதிரே நிற்கும் தூதுவனின் சொல் ஒன்றுகூட நம் காதில் விழுவதில்லை. பேசப் பேச அவன் தன்னை அறியாமலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். கிங் அதே வடிவத்தை முந்நூறு பக்கங்களுக்கு நீட்டி, அதன் உள்ளடக்கத்தைத் தலைகீழாக்குகிறார். இங்கே பேசுகிறவள் கணவனை ஒழித்த மனைவி. அவள் எதையும் அறியாமல் காட்டிக்கொடுப்பதில்லை, எதை எப்போது சொல்ல வேண்டும் என்று எடைபோட்டே சொல்கிறாள். பிரபுவின் பேச்சு நயம் மிக்கது, நெஞ்சம் வெறுமையானது. டொலோரஸின் பேச்சு கரடுமுரடானது, ஆனால் அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் நாடகத் தன்னுரை என்ற வடிவம் மாணவர்க்கு வெறும் இலக்கணக் குறிப்பாக இராது.

சூசன் கிளாஸ்பெல் 1916-இல் எழுதிய ‘டிரைபிள்ஸ்’ ஓரங்க நாடகத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அதிலும் கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிராமத்துப் பெண் ஒருத்தி உண்டு. ஆனால் மின்னி ரைட் என்ற அந்தப் பெண் கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை. அவளுடைய சமையலறைப் பொருள்களையும் ஒட்டுப்போர்வையையும் கழுத்து நெரிக்கப்பட்ட பறவையையும் பார்த்து, மற்ற இரு பெண்கள் அவள் வாழ்க்கையைப் படித்துக்கொள்கிறார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் அந்த மின்னியே வந்து நாற்காலியில் அமர்ந்து வாய் திறந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு விடைபோல இந்த நாவல் இருக்கிறது. கிங் அந்நாடகத்தை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. ஒரு மரபின் இரு முனைகளாக இவை நிற்பதைத்தான் சொல்கிறேன்.

நூலின் உயிரான இடம் என்று நான் கருதுவதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கணவன் ஜோ செயின்ட் ஜார்ஜ் ஒருநாள் அடுப்பு விறகுக் கட்டையால் டொலோரஸின் முதுகில் அடிக்கிறான். அன்றிரவு அவள் பால் குவளையை அவன் தலையில் உடைத்துவிட்டு, ஒரு கைக்கோடாலியை அவன் மடியில் வைத்து, இதால் என்னை இப்போதே முடித்துவிடு, இல்லையென்றால் இனி ஒருபோதும் என்மேல் கை வைக்காதே என்கிறாள். அடி நின்றுபோகிறது. வேறு எழுத்தாளராக இருந்தால் இதை ஒரு வெற்றிக் காட்சியாக முடித்திருப்பார். ஆனால் வாசலில் மகள் செலினா நின்று, இரத்தத்தையும் கோடாலியையும் அப்பாவின் முகத்தையும் பார்த்துவிடுகிறாள். விறகுக் கட்டையை அவள் பார்க்கவில்லை. அந்த ஒரு காட்சியை வைத்தே ஜோ மகளின் இரக்கத்தைச் சம்பாதிக்கிறான். இரக்கத்தை நெருக்கமாக்கி, நெருக்கத்தைப் பாலியல் கொடுமையாக ஆக்குகிறான். தாய் தன்னைக் காத்துக்கொண்ட செயலே மகளைத் தகப்பனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. படகுப் பயணத்தில் மகளின் வாயிலிருந்து இதை வரவழைக்கும் காட்சிக்கு இணையாக, கிங் எழுதியவற்றில் நான் படித்த வேறொன்று இல்லை.

அடுத்து வங்கிக் காட்சி. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தீவை விட்டே போய்விடுவது என்று முடிவுசெய்து, அவர்கள் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுக்க அவள் வங்கிக்குப் போகிறாள். பாஸ்புக் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிய புத்தகங்கள் வாங்கி, ஜோ எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிட்டிருக்கிறான். நான் இப்படி வந்து கேட்டிருந்தால் அவருக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பீர்கள் அல்லவா, எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று அவள் மேலாளரைக் கேட்கிறாள். அவரிடம் பதில் இல்லை. இது 1960-களின் தொடக்கம். கடன் வழங்குவதில் பால் வேற்றுமை பார்க்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1974-இல்தான் வந்தது. யார் மீதும் குற்றம் சுமத்தாமல் மணவிலக்குப் பெறும் வழி முதன்முதலாகக் கலிபோர்னியாவில் திறந்ததே 1970-இல்தான். அந்த மேசைக்கு முன்னால் டொலோரஸுக்கு நேர்மையான வழிகள் அனைத்தும் அடைபடுகின்றன. அதன் பிறகே 1963 ஜூலை 20 வருகிறது. அன்று மெய்ன் மாநிலத்தின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் கடந்துபோனது வரலாற்று உண்மை. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மாலையில், பலகை உளுத்த பாழுங்கிணறு ஒன்றின் பக்கம் ஜோவை அவள் இழுத்துக்கொண்டு போகிறாள். அவன் உடனே சாவதில்லை. கிணற்றுக்குள்ளிருந்து அவள் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கிறான். திகில் எழுத்தாளரின் கை தெரிவது இந்தப் பக்கங்களில்தான், ஆனால் எனக்கு அவற்றைவிட அச்சமூட்டியது வங்கி மேலாளரின் மேசை.

வெராவுக்கும் டொலோரஸுக்கும் இடையிலான உறவைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். துவைத்த விரிப்புகளைக் கொடியில் போடும்போது நான்கல்ல, ஆறு கிளிப் மாட்ட வேண்டும் என்று வெரா கட்டளையிடுவாள், குளிர்கால மெய்ன் காற்றில் விரல் மரத்துப்போனாலும் ஆறுதான். அந்தக் கொடுமைக்காரியே பின்னாளில் படுக்கையில் விழுந்து, தூசியைக் கண்டு அலறும்போது, கட்டி அணைத்துத் தேற்றுவதும் இதே டொலோரஸ்தான். ஒருத்தி மற்றவளின் எசமானி என்பது கடைசிவரை மாறுவதில்லை. ஆனாலும் வாழ்நாளில் இருவருக்கும் ஒருவரைத் தவிர ஒருவர் துணையில்லை. உழைப்பும் வெறுப்பும் அன்பும் ஒரே வீட்டில் இப்படிக் குடியிருப்பதை அமெரிக்க நாவல்களில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்த உழைப்பை கிங் தொலைவிலிருந்து பார்த்து எழுதவில்லை. அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது தந்தை வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. தாய் ரூத் சலவையகம் முதல் மனநலம் குன்றியோர் காப்பகத்தின் சமையலறை வரை கிடைத்த வேலையெல்லாம் செய்து இரு பிள்ளைகளை வளர்த்தார். கிங்கும் கல்லூரி முடித்த பின் ஒரு சலவையகத்தில் மருத்துவமனை விரிப்புகளை வெளுத்தவர். 1974-இல் கிங்கின் முதல் நாவல் வெளியாவதற்குச் சற்று முன்னர் தாய் புற்றுநோயால் இறந்தார். இந்நூல் அந்தத் தாய்க்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. கிரகண நேரத்தில் எங்கோ இருக்கும் ஒரு சிறுமி டொலோரஸின் மனக்கண்ணில் தோன்றுவது, அதே ஆண்டில் வந்த கிங்கின் ‘ஜெரால்ட்ஸ் கேம்’ நாவலோடு இதை இணைக்கப் போட்ட ஒட்டு. இந்த நூலுக்கு அது தேவையே இல்லை. இறுதியில் வந்து சேரும் பெருஞ்செல்வமும் அதை அவள் தானம் செய்வதும் ஆசிரியரின் வசதிக்காக நடப்பவை. 1995-இல் வந்த திரைப்படத்தில் கேத்தி பேட்ஸின் நடிப்பு போற்றத்தக்கதே. எனினும் அங்கே மகள் திரும்பி வந்து கதையின் பாதியை எடுத்துக்கொள்வதால், ஒற்றைக் குரலின் வலிமை குறைந்துவிடுகிறது. படத்தைப் பார்த்துவிட்டோமே என்று நூலை விட்டுவிட வேண்டாம்.

வெகுசன எழுத்தாளரை வகுப்பறைக்குள் விடலாமா என்ற கேள்வி உங்கள் கூட்டத்தில் எழும். 2003-இல் அமெரிக்கத் தேசிய நூல் அறக்கட்டளை கிங்குக்குச் சிறப்புப் பதக்கம் அளித்தபோது, ஹெரால்டு புளூம் என்ற பெரும் திறனாய்வாளர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். பதக்கத்தைச் சான்றாகக் காட்டி வாதாட நான் விரும்பவில்லை, நூலைப் பிரித்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள் என்றே கேட்கிறேன். இதழ்களுக்கு எழுதிப் பிழைத்த எட்கர் ஆலன் போவின் கொலைகார வாக்குமூலக் கதையைச் செவ்வியல் என்று நடத்துகிற நமக்கு, திகில் என்ற சொல் ஒரு தடையாக இருக்கலாகாது. வட்டார மொழி கடினம் என்ற தயக்கமும் எழலாம். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கடினமில்லையா? கி. ராஜநாராயணனின் கரிசல் மொழியை ரசித்து வளர்ந்த நம் மாணவர்களுக்கு, மெய்ன் தீவுப் பெண்ணின் பேச்சில் உயிர் இருப்பது ஒரு பக்கம் சத்தமாகப் படித்தாலே தெரிந்துவிடும்.

பணியின் கடைசி ஆண்டில், பாடம் முடிந்து மிஞ்சிய ஒரு மணி நேரத்தில் வங்கிக் காட்சியை வகுப்பில் வாசித்தேன். மேலாளர் ஏன் பதில் சொல்லவில்லை என்று ஒரு மாணவர் கேட்டார். பின் வரிசையிலிருந்த மாணவி ஒருவர், எங்கள் வீட்டிலும் அம்மாவின் ஏடிஎம் அட்டை அப்பாவிடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. அன்று மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

முழு நாவலையும் கட்டாயத் தாளில் வைப்பது முதலிலேயே இயலாது என்பதை அறிவேன். விருப்பப் பாடம் ஒன்றில், பிரௌனிங்கின் கவிதைக்கும் கிளாஸ்பெல்லின் நாடகத்துக்கும் அடுத்ததாக வைத்து ஒரு பருவம் நடத்திப் பாருங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. படகுக் காட்சியைத் திடீரென்று வகுப்பில் வாசித்துவிட வேண்டாம். அதில் என்ன வருகிறது என்பதை முன்னதாகவே சொல்லுங்கள், விரும்பாதவர் அந்த மணி நேரம் வெளியே இருக்கலாம் என்றும் சொல்லுங்கள். செலினாவின் வயதில் அவள் பட்டதைப் பட்டவர் அந்த வகுப்பிலேயே அமர்ந்திருக்கக்கூடும். பாடம் நடத்துபவர் அன்று மாலை ஆசிரியர் அறையில் சற்று நேரம் கூடுதலாக இருப்பது நல்லது.

நான் எழுதிவைத்துள்ள பாடக்குறிப்புகளையும் என்னிடமுள்ள பிரதியையும் கேட்கும் குழுவுக்குத் தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்