விட்டுப்போன புள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தை அன்றைக்கே பார்த்துவிட்டேன். வாட்ஸப்பில் நீலக் கோடு விழுந்ததை நீயும் பார்த்திருப்பாய். பன்னிரண்டு நாளாக ஏன் பதில் இல்லை என்று கேட்டதற்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். உடையவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்து வரையாதே. உன் சித்தி இன்னமும் நீ பச்சை குத்துகிறாய் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறாள். குத்துகிறவர் வேறு, இவள் வரைந்து கொடுக்கிறவள், ஒருவருக்கு வரைந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவே மாட்டாள் என்று நான்தான் உனக்கு வக்கீலாக நிற்கிறேன். நீயோ படம் எப்படி இருக்கிறது என்று கேட்க மட்டும்தான் போன் செய்கிறாய்.

உன் வேலையில் எனக்குப் பயமே எழுத்துதான். பூ கொஞ்சம் கோணினாலும் பூதான். எழுத்து அப்படியா? வரைகிற செயலியில் ஒட்டும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் ஓடிவிடுகிறது என்று நீயே காட்டினாய். தமிழ் தெரியாதவர் கையில் அது போனால் அப்படியே குத்திவிடுவார். கேட்டு வந்தவரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல். வாசித்த பிறகு கையெழுத்துப் போடச் சொல். மை மேல்தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும், மேல்தோல் எத்தனை முறை உதிர்ந்தாலும் அது நகராது என்று சொன்னது நீதானே. லேசர் வைத்தாலும் ஒரே தடவையில் போகாதாம். வருஷம் போகப் போகக் கோடு தடிக்குமாம். அப்போது ‘அ’வின் சுழி அடைத்துக்கொள்ளும், ஒற்றின் மேல் வைத்த புள்ளி பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். புள்ளி போனால் சொல்லே வேறு. அதனால் பெரிதாக வரை. பொடியாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மறுத்துவிடு. கையெழுத்து வாங்காமல் மட்டும் கொடுத்துவிடாதே.

1991-இல் ஆல்ப்ஸ் பனிக்குள்ளிருந்து எடுத்த அந்த மனிதனைப் பற்றிச் சொன்னாயே, செத்து 5,300 வருஷம் ஆகியும் உடம்பில் 61 பச்சை அழியாமல் இருந்ததென்று. எல்லாம் கோடும் சிலுவையும்தானாம். கொடுத்து வைத்தவன். எழுத்தே இல்லை, பிழை வர வழியும் இல்லை.

போன மாதம் ஒரு பெண் இறந்துபோன தன் அம்மாவின் துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தாள் அல்லவா? நடுங்கி நடுங்கி எழுதிய நாலு வரி. நீ அதைப் பெரிதாக்கி, பேனா எங்கே நின்றது, எங்கே அழுத்தியது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாய். கோணலைக் கொஞ்சம் நேராக்கக்கூடாதா என்று கேட்டேன். ‘நடுக்கத்தைத் திருத்திட்டா அது அவங்க கையெழுத்தே இல்லம்மா’ என்றாய். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

யார் யாருடைய கையெழுத்திலோ நடுக்கத்தைக் கண்டுபிடிக்கிற உனக்கு, உன் அம்மாவின் ‘ழ’ தெரியவில்லையா பாப்பா?

அதன் வாலை நான் உள்பக்கமாகச் சுருட்டுவேன். என் நோட்டு எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார். எழுத்தைப் பெரிதாக்கினேன், சாய்வை மாற்றினேன், பேனாவை அழுத்திப் பிடித்தேன். அந்த வாலை மாற்ற மட்டும் மறந்துவிட்டேன். ‘உன் வழியில் போ. அப்பா இருக்கிறேன்.’ நீ படமாக அனுப்பிய, கையில் குத்திக்கொள்ளப் போகிற அந்த வரியை எழுதியவள் நான். அப்பா எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை. நீ படிப்பை விட்டு வரையப் போன அந்த ஏழு மாதமும் உன் பெயரை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார். நீ அங்கே அழுகிறாய், இவர் இங்கே வாயைத் திறக்கவில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

நீ போனில் ‘தேங்க்ஸ்ப்பா’ என்றபோது அவர் ஒன்றும் புரியாமல் ‘ம்’ என்றார். அந்த ‘ம்’மில் நான் தப்பித்தேன். அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை எதற்குக் கெடுப்பது என்று நினைத்தேன். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்லவில்லை.

அவர் கையாலேயே எழுதியது ஒன்று இருக்கிறது. உன் பழைய ஜியாமெட்ரி பெட்டியில், மூடியின் உள்பக்கம். பள்ளிக்கூடத்தில் மாறிவிடக்கூடாது என்று காம்பஸ் முனையால் உன் பெயரைக் கீறி வைத்தார். எழுத்தெல்லாம் பல்லிளிக்கும். கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை. ஒரு குத்து குத்தினால் போதும், அதை விட்டுவிட்டார். படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அது உனக்குப் போதுமா, புள்ளியை நீ வைப்பாயா அப்படியே விடுவாயா, எனக்குத் தெரியாது.

இன்னும் குத்திக்கொள்ளவில்லை அல்லவா? கோபமாக இருந்தால் இரு. அதை மட்டும் ஒரு வரி எழுதிவிடு.

அம்மா