வந்ததும் தபால்பெட்டியில் பேரை ஒட்டு

பெர்லின்,
ஆகஸ்ட் கடைசி வாரம்.

அன்புள்ள தம்பிக்கு,

விசா வந்துவிட்டதாக அம்மா சொன்னாள். நீ அனுப்பிய கேள்விகளில் குளிர்கோட்டுதான் முதலில் இருக்கிறது. அதை இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்; அக்டோபருக்கு ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் போதும். முதல் நாளே செய்ய வேண்டியது வேறு: வாசல் தபால்பெட்டியில் உன் பேரை ஒட்டுவது.

இங்கே முகவரியில் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தெரு, கட்டட எண், அஞ்சல் குறியீடு, அவ்வளவுதான். ஒரே எண்ணுக்குள் முன்கட்டு, பக்கக்கட்டு, பின்கட்டு என்று முப்பது நாற்பது குடித்தனம் இருக்கும். தபால்காரர் பெட்டியில் உள்ள பேரைப் பார்த்துத்தான் போடுவார். பேர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு உறையில், அதன் ரகசிய எண் இன்னொரு உறையில், இன்சூரன்ஸ் கார்டு, 11 இலக்க வரி எண் என எல்லாம் தபாலில்தான் வரும். அதில் ஒன்று தவறினாலும் வாரக்கணக்கில் அலைச்சல்.

உன் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பா பேர் இருக்கிறது. அதனால் இங்கே எல்லாரும் உன்னை அப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், கடிதமும் அந்தப் பேருக்கே வரும். இரண்டு பேரையும் எழுதி ஒட்டு, அழைப்புமணியிலும் சேர்த்து. அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது குடியிருப்புப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட், பூர்த்தி செய்த படிவம், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட சான்று, இவை மூன்றும் வேண்டும். அந்தச் சான்றின் ஜெர்மன் பேர் வாயில் நுழையாது. 'இன்னார் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார்' என்கிற ஒரு பக்கத் தாள்தான். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பலர் திரும்பி வருவது இதனால்தான். நீ இருக்கும் வட்டாரத்து அலுவலகத்துக்கே போக வேண்டும் என்பதில்லை, நகரத்தில் எந்த பியூர்கராம்ட்டிலும், அதாவது குடிமக்கள் சேவை அலுவலகத்திலும் பதியலாம். தேதி கிடைப்பதுதான் பாடு. காலையில் இணையதளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார். யாராவது ரத்து செய்த இடம் விழும். இரண்டு வாரம் தாண்டித்தான் கிடைக்கிறது என்றால் கலங்காதே, முன்பதிவு மின்னஞ்சலை மட்டும் பத்திரமாக வை.

'அறை மலிவு, ஆனால் பதிவு செய்ய முடியாது' என்று விளம்பரம் வரும். தொடாதே. பதிவு இல்லாவிட்டால் வரி எண் தாமதமாகும், விசா முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய தங்கும் அனுமதியும் சிக்கலாகும். அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பவும் கூடாது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்' என்றால் அது மோசடி.

வாடகையில் இரண்டு தொகை சொல்வார்கள். 'கால்ட்' என்பது வெறும் வாடகை. 'வார்ம்' என்பது சூடேற்றும் செலவு, தண்ணீர், குப்பை சேர்ந்தது. கரண்டும் இன்டர்நெட்டும் அதற்குள் இருக்கிறதா என்று தனியாகக் கேள். முன்பணம் மூன்று மாதக் 'கால்ட்' வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையில் தர உனக்கு உரிமை உண்டு. விசாவுக்காக முடக்கக் கணக்கில் போட்ட 11,904 யூரோ மாதம் 992 ஆகத்தான் கைக்கு வரும், அதுவும் இங்கே வங்கிக் கணக்குத் திறந்த பிறகு. ஆகவே முதல் மாதச் செலவுக்கும் முன்பணத்துக்கும் தனியாகப் பணம் கொண்டு வா.

சமையல் விஷயம். மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டு வா. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்து, இல்லாவிட்டால் நடையில் உள்ள புகை அலாரம் கட்டடத்தையே எழுப்பும். குளிர்காலத்தில் ஜன்னலைச் சாய்த்துத் திறந்து நாள் முழுக்க விடாதே. சுவர் குளிர்ந்துபோய், ரசத்து ஆவியும் குளியல் ஆவியும் அதில் படிந்து கறுப்புப் பூசணம் பிடிக்கும். அறையைக் காலி செய்யும்போது அந்தச் செலவை முன்பணத்தில் கழிப்பார்கள். சூடேற்றியைக் குறைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் வைத்து மூடு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, சமைத்ததும் ஒரு தடவை. சூடேற்றிக் குமிழில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நினைக்காதே. வேகம் கூடாது, பில்தான் கூடும்.

இது அம்மாவுக்கு, படித்துக் காட்டு: நெய்யும் பால்கோவாவும் கட்ட வேண்டாம். வெளியிலிருந்து வருபவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பொடியாக அரைத்துக் கொடு. ஆனால் கருவாடு கொண்டு வரலாம், 20 கிலோ வரை! நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு வரவேற்பு. நன்றாகச் சுற்றிக் கட்டினால் போதும், இல்லாவிட்டால் துணியெல்லாம் மணக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவோம். அதிலிருந்து மார்ச் வரை நம்மூர் நேரத்துக்கும் எங்களுக்கும் மூன்றரை அல்ல, நாலரை மணி நேர வித்தியாசம். காலை ஆறு மணிக்குப் போன் போட்டால் எங்களுக்கு நள்ளிரவு ஒன்றரை.

தம்பி, நீ வரும் வாரம் எனக்கு இரவு வேலை, விமான நிலையத்துக்கு வர முடியாது. அது ரயில், பஸ் டிக்கெட்டின் ஏ, பி கட்டண மண்டலங்களுக்கு வெளியே, சி மண்டலத்தில் இருக்கிறது. ஏபிசி டிக்கெட் எடு. காகித டிக்கெட்டானால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்து. வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள், உள்ளே சாதா உடுப்பில் பரிசோதகர் வருவார். முத்திரை இல்லாவிட்டால் 60 யூரோ. நீ வருவது ஞாயிற்றுக்கிழமை, அநேகமாக எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். ஒரு கிலோ அரிசியும் பருப்புப்பொடியும் பெட்டியின் மேலாக வை. பேர் ஒட்ட டேப்பும் மார்க்கரும் கைப்பையில்.

அன்புடன்,
அண்ணன்