கைவிட்ட ஸ்கேனரின் டிரைவரையாவது கொடுங்கள்

ஆவண ஸ்கேனர் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவர் தயாரித்த ஸ்கேனர் என் மேசையில் இருக்கிறது. வாங்கிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ரப்பர் உருளைகளை இருமுறை மாற்றியிருக்கிறேன். இன்றும் தாளை ஒவ்வொன்றாகச் சீராக இழுக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் படிக்கிறது. ஆனால் கடந்த மாதத்திலிருந்து அதை என்னால் பயன்படுத்த முடியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதன் டிரைவர், அதாவது ஸ்கேனரை இயக்கக் கணினியில் நிறுவும் மென்பொருள், பழைய 32 பிட் விண்டோஸுக்கு மட்டுமே வந்தது. இன்றைய 64 பிட் விண்டோஸில் அது ஏறாது. அந்த ஒரு டிரைவருக்காகவே ஒரு பழைய கணினியைக் கட்டிக் காத்துவந்தேன். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால் அதை இணையத்தில் இணைப்பதில்லை. ஆசிரியையாக இருந்த என் தாயார் எழுதிவைத்த பாடக்குறிப்புகள் மூவாயிரம் தாளுக்கு மேல் இருக்கின்றன. இரவில் நூறு தாள் ஸ்கேன் செய்து, பென் டிரைவில் மற்ற கணினிக்கு மாற்றுவேன். போன மாதம் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வேறு டிஸ்க் போட்டு விண்டோஸையும் நிறுவினேன். ஸ்கேனரோடு வந்த சிடி படிக்கவில்லை. நிறுவனத்தின் தளத்தில் தேடினால் அந்த டிரைவர் கோப்பையே எடுத்துவிட்டிருக்கிறார்கள். எழுதிக் கேட்டேன். "அந்த மாடலுக்கான ஆதரவு முடிந்துவிட்டது, எங்கள் புதிய மாடல்களைப் பாருங்கள்" என்று பதில் வந்தது.

இன்னும் ஆயிரத்து நூறு தாள் மிச்சம். அவற்றில் பாதி பென்சிலால் எழுதியவை. எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு மாடலுக்கான ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் டிரைவரின் மூலநிரலை, அதாவது பொறியாளர்கள் எழுதிய நிரல் வரிகளை, வெளியிடுங்கள். அது முடியாதென்றால், கணினி ஸ்கேனருக்கு என்னென்ன கட்டளை அனுப்புகிறது, ஸ்கேனர் எப்படிப் பதில் சொல்கிறது என்பதை விளக்கும் ஆவணத்தையாவது வெளியிடுங்கள்.

அது வணிக ரகசியம் என்பீர்கள். படத்தைத் துலக்கும் மென்பொருளையோ படத்திலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் எழுத்துணரியையோ யாரும் கேட்கவில்லை. விளக்கை ஏற்றுவது, மோட்டாரை ஓட்டுவது, சென்சார் படித்ததை வாங்குவது, இவற்றுக்கான கட்டளைகள் போதும். விற்பதையே நிறுத்திவிட்ட கருவியில் இதை மறைத்து யாரிடமிருந்து எதைக் காக்கிறீர்கள்?

நீங்கள் மறைப்பதைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் எத்தனை இரவு விழிக்கிறார்கள் தெரியுமா? நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் உலகில், ஸ்கேனர்களுக்கு டிரைவர் எழுதும் 'சேன்' என்ற திட்டம் 1990களிலிருந்து நடக்கிறது. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்கேனர் ஓடுகிறதென்றால் பெரும்பாலும் அவர்கள் உழைப்பால்தான். ஆவணம் கிடைக்காத மாடலுக்கு அவர்கள் செய்வது இது: கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினியில் விண்டோஸையும் உங்கள் டிரைவரையும் போட்டு, யூஎஸ்பி வழியே போகும் ஒவ்வொரு பைட்டையும் பதிவுசெய்கிறார்கள். ஒருமுறை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), ஒருமுறை 600. ஒருமுறை வண்ணம், ஒருமுறை கறுப்பு வெள்ளை. எந்த பைட் மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஊகம் தவறினால் உள்ளே இருக்கும் ஸ்கேன் தலை விளிம்பில் போய் முட்டும். சொந்தக் காசில் வாங்கிய கருவி பழுதாகும். உங்கள் பொறியாளர் மேசையில் இருக்கும் சில பத்துப் பக்க ஆவணத்துக்காக இத்தனை பாடு.

இன்னொன்றும் உண்டு. சில ஸ்கேனர்களுக்கு ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை, அதாவது ஸ்கேனருக்குள்ளேயே ஓடும் நிரலை, ஏற்ற வேண்டும். சேன் போன்ற திட்டங்களில் டிரைவர் எழுதியவர்களுக்கு அந்தக் கோப்பைத் தங்கள் டிரைவரோடு சேர்த்துத் தர அனுமதியில்லை. பயனரே விண்டோஸ் சிடியைத் தோண்டி எடுக்க வேண்டும். சிடி படிக்காவிட்டால் அதோடு சரி. லினக்ஸுக்கு டிரைவர் தந்திருக்கிறோம் என்று சிலர் சொல்வதும் இப்படித்தான் முடிகிறது: மூலநிரல் இல்லாத கோப்பு, இன்டெல் வகைக் கணினிக்கு மட்டும். வேறு வகைச் சில்லான ஆர்ம் கொண்ட கணினி வைத்திருப்பவருக்கு அதனால் பயனில்லை.

மூடிய நிரலால் வரும் கேடு இதோடு நிற்பதும் இல்லை. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில கருவிகள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுவதைக் காட்டினார். ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒத்த உருவம் என்று எண்ணி ஓர் எண்ணின் இடத்தில் இன்னொன்றை வைத்தது. தெளிவான, ஆனால் தவறான நகல். நிரல் எல்லோர் பார்வையிலும் இருந்திருந்தால் யாராவது முன்பே கண்டிருக்கக்கூடும்.

பேச்சு வேறெங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். உங்களில் பலர் புதிய மாடல்களில் ஈஎஸ்சிஎல் முறையைக் கொண்டுவந்து, தனி டிரைவர் இல்லாமலே ஸ்கேன் செய்ய வழிசெய்திருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. சில மாடல்களுக்கு ஆவணம் கொடுத்து உதவியவர்களும் உங்களில் உண்டு. அதே மனத்தைப் பழைய கருவிகளுக்கும் காட்டுங்கள். ஆதரவு முடிந்த மாடல்களின் மூலநிரல், இல்லையேல் கட்டளை ஆவணம், கூடவே ஃபர்ம்வேரைப் பகிர அனுமதி. எனக்குத் தனியே அனுப்ப வேண்டாம். சேன் குழுவினரிடம் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை எடுத்துவிட்ட பழைய டிரைவர் கோப்புகளைத் தளத்தில் மறுபடி வைக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஸ்கேனரை இன்னும் எறிந்துவிடாத ஒரு பயனர்