அந்துருண்டை உறையில் இரண்டு வரி: ஒரு திறந்த மடல்

அந்துருண்டை தயாரிப்பவர்களுக்கும், அதன் உறையில் என்ன அச்சிட வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். என் மகனுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் இது. உலகில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறை உண்டு, ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம். சும்மா இருக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. சில மருந்துகள், ஃபாவா பீன்ஸ், அப்புறம் உங்கள் நாப்தலின் உருண்டை, இப்படி ஏதாவது ஒன்று உடம்புக்குள் போனால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையத் தொடங்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் தெரியவந்தது. அவனுக்கு அப்போது இரண்டு வயது. பெட்டிக்குள் மாதக்கணக்கில் கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டோம். இரண்டு நாள் கழித்து, பால் விடாத தேநீர் நிறத்தில் சிறுநீர் போனான். முகம் வெளுத்து, கண் மஞ்சளாகிவிட்டது. இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. "வீட்டில் அந்துருண்டை வைத்திருக்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் அந்த வாசனையே எங்களுக்கு நினைவு வந்தது.

அந்த உறையை வீட்டுக்கு வந்ததும் தேடி எடுத்துப் படித்தேன். 'குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று மட்டும் இருந்தது. எட்டாத இடத்தில்தானே வைத்திருந்தோம்! நாப்தலின் உருகாமலே ஆவியாகிற பொருள். துணியில் படிந்து, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தேய்த்த பச்சிளம் குழந்தையின் தோலில் இன்னும் சுலபமாக இறங்கும். அந்த வயதில் மஞ்சள் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். விழுங்கினால்தான் ஆபத்து என்று உங்கள் உறை மக்களை நம்ப வைக்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு உருண்டைகூடக் கிடையாது. ஆனால் போகிற வீடுகளின் அலமாரி, இரவல் வாங்கும் கம்பளி, குளியலறை மூலையில் போட்டிருக்கும் உருண்டை, இதையெல்லாம் நான் எப்படிக் காவல் காப்பது? ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்ததும் மோந்து பார்க்கிறேன். சிலருக்கு அது மனத்தாங்கலாகவும் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் நாப்தலின் அந்துருண்டையை 2008லேயே தடை செய்துவிட்டது. எல்லா இடத்திலும் அப்படி வர வேண்டும் என்பதே என் விருப்பம். அதுவரை இரண்டு வரி அச்சிடுங்கள். முதல் வரி: 'ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் பயன்படுத்தக் கூடாது.' இது மட்டும் போதாது. தனக்கு இந்தக் குறை இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் இரண்டாவது வரி: 'குழந்தைகளின் துணி, போர்வை, படுக்கையோடு வைக்கக் கூடாது.' உள்ளே இருப்பது நாப்தலினா வேறு ரசாயனமா என்பதையும் முன்பக்கத்திலேயே போடுங்கள். எல்லா உருண்டையும் பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கிறது.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். அன்று அந்தப் போர்வையை எடுத்துக் கொடுத்தவர் என் அம்மா. மருந்துச் சீட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படிக்கிறவர். உறையில் எழுதியிருந்தால் கட்டாயம் படித்திருப்பார்.

இப்படிக்கு,
ஒரு தாய்