காபி கொடுத்த தருமி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நாகேஷ் நினைவுப் பக்கத்தைப் படித்தேன். திருவிளையாடல் படத்தின் ஏழைப் புலவன் தருமி என்ற ஒரே வேடத்தால் அவர் நிலைத்துவிட்டதாக அதில் ஒரு வரி. அந்த 'ஒரே' என்ற இரண்டு எழுத்தை மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்க முடியவில்லை. சரி, எழுதியவருக்குப் பிடித்த வேடம் அதுவாக இருக்கும், போகட்டும் என்று பக்கத்தைத் திருப்பப் போனால் கீழே ஒரு படம். சர்வர் சுந்தரமாக, கை நிறையப் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டு நிற்கிறார். அதன் கீழே 'தருமியாக நாகேஷ்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். மதுரைச் சொக்கநாதர் கோயில் மண்டபத்தில் காபி கிளப் எப்போது திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் உண்டு. பழனியில் ஒரு ஓட்டலில் இருபத்தாறு வருஷம் சர்வராக இருந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து டூரிங் டாக்கீஸில் சர்வர் சுந்தரம் மறுபடி ஓடியது. பார்த்துவிட்டு வந்த ஒருவர் என்னை "என்னப்பா சுந்தரம்" என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். சரக்கு மாஸ்டர் முதல் டேபிள் துடைக்கிற பையன் வரை எல்லோருக்கும் நான் சுந்தரம் ஆகிவிட்டேன். முதல் இரண்டு வருஷம் பெருமையாகத்தான் இருந்தது. இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை டவரா டம்ளரைச் சாய்வாக அடுக்கி, கடைசி டம்ளரைக் கன்னத்தால் லேசாக அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நடந்து காட்டுவேன். அப்புறம் என் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தினமும் என் கையால் காபி வாங்கிக் குடித்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் உன் பேரே இல்லையே சுந்தரம்" என்றார். என் பெயர் முதல் வரியிலேயே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு மனிதனை ஒரு வேடத்துக்குள் போட்டுப் பூட்டுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

சர்வர் சுந்தரம் 1964இல் வந்தது, திருவிளையாடல் அதற்கு அடுத்த வருஷம். அந்த 1965இல்தான் நீர்க்குமிழியும் வந்தது. பாலசந்தர் இயக்கிய முதல் படம், ஆஸ்பத்திரி நோயாளியாக நாகேஷ்தான் அதில் நாயகன். 1968இல் எதிர்நீச்சல் மாதுவும் இவர்தான், தில்லானா மோகனாம்பாள் வைத்தியும் இவர்தான். ஒருவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும், இன்னொருவனைப் பார்த்தால் செவிட்டில் அறையலாம் போலிருக்கும். அபூர்வ சகோதரர்களில் வில்லன். மகளிர் மட்டும் படத்தில் பிணமாக வந்தே தியேட்டரைக் குலுக்கினார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் 'ஒரே' என்று போட்டிருக்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

தருமியைப் பற்றியாவது சரியாக எழுதினீர்களா என்றால், அதுவும் இல்லை. 'வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த தருமி' என்று முடித்துவிட்டீர்கள். நானும் அந்தக் காட்சியை மனப்பாடமாக ஒப்பிப்பவன்தான், பேரப்பிள்ளைகள் கேட்டால் இன்றைக்கும் செய்து காட்டுவேன். ஆனால் சிவாஜி வருவதற்கு முன்னால், மண்டபத்தில் தனியாக நின்று புலம்புகிறாரே, அதை ஒரு தரம் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஆயிரம் பொற்காசு வந்துவிடாதா என்று அலையும் ஒரு ஏழையின் முகம் அது. அம்மைத் தழும்போடு சினிமாவுக்கு வந்த நாகேஷ் என்ற ரயில்வே குமாஸ்தாவின் முகமும்தான். திருவிளையாடல் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவர் தருமிக்குப் பொற்கிழி வாங்கிக் கொடுத்தார், நாகேஷ் அவனுக்குப் பசியைக் கொடுத்தார். மாசக் கடைசியில் டிப்ஸை எண்ணிப் பார்த்தவனுக்கு அந்தப் புலம்பலில் சிரிப்பு வராது.

2015இல் மனோரமா மறைந்தபோதும், தில்லானா மோகனாம்பாளில் அவர் போட்ட ஒரு வேடத்தின் பெயரில் 'ஜில் ஜில் ரமாமணிக்கு அஞ்சலி' என்றுதான் தலைப்புப் போட்டீர்கள். அப்போதே எழுதினேன். அந்தக் கடிதத்தில் உங்கள் இதழைப் பாராட்டியிருந்த இரண்டு வரியை மட்டும் வெட்டியெடுத்துப் பிரசுரித்தீர்கள். மிக்க நன்றி. தொலைக்காட்சிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாகேஷ் மறைந்த ஜனவரி 31 வந்தால் அதே மண்டபம், அதே புலம்பல், நடுநடுவே விளம்பரம். நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்தாரே, தேசிய விருது வாங்கிக் கொடுத்த அந்த வேடத்தை எந்த வருஷமாவது போட்டார்களா? வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த தேசிய விருது அது ஒன்றுதான், அதுவும் துணை நடிகருக்கானது. பத்ம விருது கிடையவே கிடையாது. டெல்லிக்காரர்களுக்குத் தெரியவில்லை, விட்டுவிடுவோம். அவர் பிறந்த தாராபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர், அங்கே போய்வருகிற எனக்கும், தமிழில் பத்திரிகை நடத்துகிற உங்களுக்கும் தெரிய வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், எந்த மூலையிலாவது, 'சென்ற இதழில் வெளியான படத்தில் இருப்பவர் சர்வர் சுந்தரம்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் நான் உங்களைத் திட்டியிருக்கும் பகுதியை வெட்டிக்கொள்ளலாம், அதில் உங்களுக்குப் பழக்கம் உண்டு.

சுந்தரம் அல்லாத ஒரு பழைய சர்வர்,
பழனி.