பாதம் பார்க்க மறுபடியும் வருகிறார்கள்: ஊர்க்குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பிழைப்புக்காக வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன மார்கழியில் நம் ஊர்ச் சத்திரத்தில் இரண்டு நாள், சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு முகாம் நடந்தது. சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் நம் ஊர்ப் பெண், தன் வார்டில் கூட வேலை பார்க்கும் மூன்று பேரை அழைத்து வந்தார். ஒருவர் பிலிப்பைன்ஸ், ஒருவர் மியான்மர், ஒருவர் மலேசியத் தமிழர். லீவு அவர்களுடையது, விமானச் செலவும் அவர்களுடையது. நாம் அவர்கள் தங்க, முற்றம் வைத்த ஒரு வளவு வீட்டைத் திறந்துவிட்டதோடு சரி. மியான்மர்க்காரர் அந்த வீட்டுப் பட்டாலைக் கூடத்தின் தேக்குத் தூணைத் தடவிக்கொண்டே, எங்கள் ஊர் மரம் என்றார்.

கொண்டு வந்தது ஒரு சின்ன நைலான் இழை. அது வளையும் அளவுக்குப் பாதத்தில் அழுத்தினால் 10 கிராம் விசை விழும். அதுகூடத் தெரியவில்லை என்றால் கால் மரத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அக்கா, "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே" என்று சொல்லிக்கொண்டே காலை நீட்டினார். பிலிப்பைன்ஸ் நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். குதிகாலில் சீமைக்கருவேல முள் ஒன்று முழுசாக உள்ளே இருந்தது, சுற்றிலும் சீழ். நம் டாக்டர் அதை அங்கேயே எடுத்தார். வலிக்காததுதான் ஆபத்து என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே உறைத்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் விரலோ காலோ போயிருக்கலாம்.

சர்க்கரை மாத்திரை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஆனால் பாதத்தைத் தினமும் புரட்டிப் பார்க்க ஆள் வேண்டுமே. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, பெரிய வீட்டில் ஆச்சி ஒருவர் தனியாக இருக்கிறார். குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க அவரால் முடியாது. கால் குடைச்சலுக்குக் கொதிக்கிற வெந்நீரில் காலை வைப்பார், சூடு தெரியாது. நண்பகலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடப்பார், அதுவும் தெரியாது.

வெளிநாட்டு நர்ஸ்கள் இங்கே பதிவு பெற்றவர்கள் இல்லை என்பதால் அவர்கள் சிகிச்சை செய்வதில்லை. கற்றுக்கொடுக்கிறார்கள். சிகிச்சை நம் டாக்டரும் நம் நர்ஸ்களும்தான். வருகிற மார்கழியில் ஒரு வாரம் தங்கி, நம் ஊர்ப் பெண்கள் இருவருக்குப் பாதப் பராமரிப்பு சொல்லித்தருவதாக நால்வரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களில் சர்க்கரை உள்ளவர்களின் கால்களையும் புறப்படும் முன் பார்த்துவிடலாம். அப்புறம் அந்த இரு பெண்களும் ஆண்டு முழுவதும் வீடு வீடாகப் போவார்கள். வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகும் வேலை நிற்கக் கூடாது, எங்கள் எண்ணம் இதுதான்.

அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 1,44,000 ஆகிறது. மரத்த காலுக்கான எம்.சி.ஆர். (மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பு 150 ஜோடி, ஜோடி 600 வீதம் 90,000. கட்டுத்துணி, மருந்து, இழை எல்லாம் சேர்த்து 36,000. ஆக 2,70,000. கையில் 70,000 இருக்கிறது. மீதி இரண்டு லட்சத்துக்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவை மாதந்தோறும் படிப்பகப் பலகையில் எழுதிப்போடுவோம்.

ஒன்றை மனம் கோணாமல் கேளுங்கள். மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்ட உறவுகளிடம் நாங்கள் பணம் வாங்க முடியாது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள்தான் வாங்கலாம், நம் குழு அப்படிப் பெறவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எங்கே இருந்தாலும் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம்.

கணக்கு விவரம் படிப்பகத்தில் செயலாளரிடம் கிடைக்கும். நன்கொடை தரும்போது உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர் இருந்தால், அவர் பாதத்தை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அதையும் கொடுத்துவிடுங்கள். செருப்புக்கு அளவு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஊர்க்குழுவினர்